105-ஐத் தாண்டினால் பின்பக்கம் நெளிகிறது, 60-இல் கையை எடுத்தால் ஹேண்டில் உதறுகிறது: ஸ்டீயரிங் டேம்பர் வாங்கலாமா?

வைகைக்கரை:

வணக்கம். என்னிடம் இருப்பது 400 சிசி வகை டூரிங் பைக், ஒற்றை சிலிண்டர், 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனி பெயரைச் சொன்னால் பேச்சு முழுக்க அந்தப் பக்கம் போய்விடும், அதனால் வேண்டாம்.

போன மாதம் நானும் மனைவியும் மதுரையிலிருந்து கன்னியாகுமரி போனோம். பின்னால் 45 லிட்டர் டாப் பாக்ஸ், அது நிறையச் சாமான். கோவில்பட்டி வரை நிதானமாகத்தான் போனேன். கயத்தாறு தாண்டி ரோடு காலியாக இருக்கவும் கொஞ்சம் முறுக்கினேன். 105 வந்ததும் பின்பக்கம் மெதுவாக இடமும் வலமும் நெளிய ஆரம்பித்தது. ஹேண்டில் கையில் சும்மாதான் இருக்கிறது, ஆனால் மொத்த வண்டியும் பாம்பு மாதிரி போகிறது. மனைவி தோளைத் தட்டி, "யாரோ பின்னாலிருந்து பிடித்து ஆட்டுகிற மாதிரி இருக்கிறது" என்றாள். 90-க்கு இறக்கினால் நின்றுவிடுகிறது. முன்னால் ஒரு ஆம்னி பஸ் போனால், அதன் பின்காற்றில் 95-லேயே தொடங்கிவிடுகிறது. ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம் போனபோது காற்றும் சேர்ந்துகொண்டது, அங்கே 60-க்கு மேல் போகவே தைரியம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு, இது ரொம்ப நாளாகவே இருக்கிறது. தனியாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும் நேரத்தில், 60-இலிருந்து 50-க்குள் கையைத் தளர்த்தினால் ஹேண்டில் படபடவென்று உதறும். ஒரு விரலை வைத்தாலே நின்றுவிடும். அதனால் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன்.

சர்வீஸில் சொன்னேன். ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, பெட்டி வைத்தால் அப்படித்தான்" என்று வாட்டர் வாஷ் செய்து கொடுத்துவிட்டார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக், ஹேண்டில் உதறாமல் அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் மாட்டச் சொல்கிறார், பத்தாயிரத்துக்கு மேல் ஆகுமாம். வாங்கிவிடலாமா, இல்லை வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பழைய வண்டி சித்தப்பா:

தம்பி, முதலில் ஒன்று. டூவீலருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேகம் நீங்கள் சொல்வதைவிடக் குறைவு, அதுவும் வீட்டம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு. திட்டி முடித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருவோம். 105-இல் நெளிகிற வண்டி 80-இல் ஒரு பள்ளத்தில் விழுந்தாலும் நெளியும், அதனால் சரிசெய்துதான் ஆக வேண்டும். டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது? காற்று எவ்வளவு, எப்போது, எங்கே பார்த்தீர்கள்? பெட்டியில் எத்தனை கிலோ? பின் சாக் அப்சார்பர் எந்த செட்டிங்கில் இருக்கிறது? கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கை, யாராவது கடைசியாகத் தொட்டது எப்போது?

வைகைக்கரை:

சித்தப்பா, திட்டு நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். இரண்டு டயருமே 24,000 கி.மீ. ஓடியவை. பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது, ஓரத்தில் இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது. காற்று, கிளம்பும்போது பைபாஸ் பஞ்சர் கடையில் பார்த்தேன். முன்னால் 30, பின்னால் 34 என்று சொல்லி அடித்தார். அதற்குள் வீட்டிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தேன். பெட்டியை இன்று தராசில் வைத்தேன்: ரேக்கோடு சேர்த்துக் காலிப் பெட்டியே 8 கிலோ, சாமான் 10 கிலோ. சாக், வண்டி வாங்கிய நாளிலிருந்து இரண்டாவது படியில்தான் இருக்கிறது, மொத்தம் ஏழு படி. கோன் செட்டை இதுவரை யாரும் தொட்டதில்லை.

நெளிவுசுளிவு:

நீங்கள் எழுதியிருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. அதைப் பிரிக்காமல் மருந்து வாங்கினால் காசுதான் போகும்.

1971-இல் ராபின் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பைக்கின் ஆட்டங்களைக் கணக்குப் போட்டு மூன்றாகப் பிரித்தார். ஒன்று, மெதுவாக ஒரு பக்கம் சாய்வது. அதை நாம் ஓட்டும்போதே அறியாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறோம், அதை விடுங்கள். இன்னொன்று வீவ், அதாவது மொத்த வண்டியும் பாம்பாக நெளிவது. விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் ஆடும், வேகம் கூடக் கூட அடங்க மறுக்கும். மூன்றாவது வாபுள். இதில் முன் சக்கரமும் அதைத் தாங்கும் ஃபோர்க்கும் ஹேண்டிலும் மட்டும் உதறும், விநாடிக்கு ஆறிலிருந்து பத்துத் தடவை. உங்கள் 105 சமாச்சாரம் வீவ். 60 சமாச்சாரம் வாபுள்.

டேம்பர் ஏன் வேண்டாம் என்றால், அது வாபுளைத்தான் அடக்கும். அதே கணக்கு, டேம்பரை இறுக்கினால் அதிவேக வீவ் இன்னும் மோசமாகலாம் என்றும் சொல்கிறது. ஆளைப் பயமுறுத்துகிற நோய்க்கு நீங்கள் வாங்கப்போகும் மருந்து அதையே ஏற்றிவிடக்கூடும்.

60-இல் மட்டும் ஏன் உதறுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. முன் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். ஆக, சக்கரம் விநாடிக்கு ஒன்பது சுற்று வருகிறது. டயரில் ஒரு பக்கம் கனம் கூடியிருந்தாலோ மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தாலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு, அதாவது விநாடிக்கு ஒன்பது தட்டு. ஹேண்டிலுக்கு இயல்பாகப் பிடித்த தாளமும் அதே அளவுதான். ஊஞ்சலை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளுவது போல. 105-இல் சக்கரம் பதினைந்து சுற்று வந்துவிடும், தாளம் தப்பிவிடும், அதனால் உதறல் அங்கே இல்லை. அதே காரணத்தால், நெளிவுக்கு வீல் பேலன்சிங் செய்து பிரயோஜனமில்லை. நெளிவு விநாடிக்கு இரண்டு மூன்று, சக்கரம் பதினைந்து. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இனி பெட்டி. 18 கிலோ பின் ஆக்சிலுக்கு ஏறக்குறைய 35 செ.மீ. பின்னால் தொங்குகிறது. வீல்பேஸ், அதாவது இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரம், 145 செ.மீ. என்று வைத்தால், அது முன் டயரிலிருந்து நாலு கிலோவுக்கு மேல் தூக்கிவிடுகிறது, பின்னால் 22 கிலோவாக இறங்குகிறது. நாலு கிலோதானே என்று தோன்றும். ஆனால் எடையைவிட எடை இருக்கிற இடம்தான் வினை. காவடி எடுப்பவர் திரும்பும்போது பாருங்கள், ஆள் நின்ற பிறகும் காவடியின் இரண்டு முனையும் சுற்றிக்கொண்டேதான் போகும். வண்டியின் நடுவிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அந்தப் பிடிவாதம் நாலு மடங்கு. அதே 10 கிலோவை டாங்க் பேக்கிலோ சீட்டுக்குப் பக்கத்தில் தாழ்வான பைகளிலோ வைத்தால் வண்டிக்குத் தெரியவே தெரியாது. பெட்டி மாட்டினால் 130-ஐத் தாண்டாதே என்று பல கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதுகின்றன, அதுவும் நம்முடையதைவிட ரொம்பக் கனமான வண்டிகளுக்கு.

இதோடு சாக் இரண்டாம் படியில். இரண்டு பேர், பெட்டி எல்லாம் ஏறியதும் பின்பக்கம் அமர்ந்துவிடும், முன்பக்கம் மேலே தூக்கும், முன் டயர் இன்னும் லேசாகும். பின் டயரில் காற்றும் குறைவு என்றால் டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுத்து அதுவும் நெளிவுக்குத் துணை போகும். சூடான டயரில் 34 பார்த்தேன் என்கிறீர்கள், அப்படியென்றால் குளிர்ந்த நிலையில் அதைவிடக் குறைவு. செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பில்லியனோடு, அதாவது பின்னால் ஆள் இருக்கும்போது, எவ்வளவு என்று பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, அதே ரோட்டில், காற்றில்லாத அதிகாலையில், தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். காசு செலவில்லாததை முதலில் செய்யுங்கள்.

காற்றடிப்பவன்:

இவ்வளவு எதற்கு? இரண்டு டயருக்கும் நைட்ரஜன் 40 அடியுங்கள், ஆட்டம் போயே போய்விடும். என் வண்டியில் அப்படித்தான்.

பழைய வண்டி சித்தப்பா:

நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான் தம்பி, மிச்சத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். முன் டயரில் 40 அடித்தால் அது கல்லாகிவிடும், மழை ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது தெரியும். ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அது, காலையில் வண்டியை எடுக்கும் முன், சொந்த கேஜில். பஞ்சர் கடை கேஜ் கீழே விழாத நாள் கிடையாது.

ஸ்பேனர் பாண்டி:

இருபது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நெளிவுசுளிவு அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கும், எனக்குக் கைக்கணக்குத்தான் தெரியும். 31,000 கி.மீ. கோன் செட்டைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறார், அதைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன்.

நீங்களே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லையென்றால் இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து ஜாக்கி, பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். "டொக்" என்று ஒரு சின்ன அடி கையில் தெரிந்தால் லூஸ். அடுத்து, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் சின்னப் பள்ளத்தில் விழுந்து உட்காருகிற மாதிரி இருந்தால் பேரிங் குண்டுகள் உட்காரும் கப்பில் குழி விழுந்துவிட்டது, அதை டைட் செய்து சரிபண்ண முடியாது, செட்டாக மாற்ற வேண்டும். நம் ரோட்டில் நேராகப் போகும்போதுதானே ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் ஏறுகிறோம், அதனால் குண்டுகள் எப்போதும் அதே இடத்தில்தான் குத்தும்.

ஆட்டம் போக வேண்டும் என்று நட்டை ஓங்கி இறுக்கிவிடும் ஆட்களும் உண்டு. அது இன்னும் தொல்லை. ஹேண்டில் தானாக நேராக வர முடியாமல் வண்டி மெதுவான வேகத்திலேயே குடித்தவன் மாதிரி அலையும். சரியாக இறுக்கிய பிறகு ஹேண்டிலை நடுவில் விட்டால் தன் கனத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்து விழ வேண்டும்.

அப்படியே பின் சக்கரத்தையும் தூக்கி, பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது வீல் பேரிங். செயின் டைட் செய்யும்போது ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. கொத்தனார் நூல் பிடிக்கிற மாதிரி பின் டயரைச் சுற்றி முன் டயர் வரை இரண்டு பக்கமும் நூல் இழுத்தால் சக்கரம் கோணலா நேரா என்று பளிச்சென்று தெரியும்.

ஈப்போ ரைடர்:

மலேசியாவிலிருந்து. இங்கே பிளஸ் நெடுஞ்சாலையில் 110 வரை சட்டப்படியே போகலாம், மோட்டார் சைக்கிளுக்கு டோலும் கிடையாது, அதனால் இந்த நெளிவை நன்றாகவே அனுபவித்திருக்கிறேன். யாரும் இதுவரை கேட்காத ஒன்று: விண்ட்ஷீல்டு எங்கே மாட்டியிருக்கிறது? என்னுடையது ஹேண்டில்பாரிலேயே பிடித்திருந்த உயரமான ஷீல்டு. லாரி பின்னால் போகும்போது அலைகிற காற்று நேராக ஸ்டீயரிங்கைத்தான் ஆட்டும். அதைக் கழற்றிவிட்டு, பாடியில் பிடிக்கும் சின்ன ஷீல்டு மாட்டினேன், பாதித் தொல்லை தீர்ந்தது.

இன்னொன்று கை. ஆட ஆரம்பித்ததும் பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்போம், அப்போது நம் உடம்பின் ஆட்டமும் வண்டிக்குள் போகும். முழங்காலால் டாங்க்கை இறுக்குங்கள், கையைத் தளர்த்துங்கள், உடம்பை முன்னால் குனிந்து டாங்க்கோடு ஒட்டுங்கள், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். படக்கென்று பிரேக் பிடிக்காதீர்கள். வேகத்தை ஏற்றி வெளியே வந்துவிடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு பயணம் போகாதீர்கள்.

வைகைக்கரை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். நெளிவுசுளிவு சொன்னபடி ஒவ்வொன்றாகத்தான் செய்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி வரை, எப்போதும் அதே தூரம். சித்தப்பா கோபிக்க வேண்டாம், ரோடு காலி, நான் மட்டும்தான். பில்லியன் இடத்தில் அரிசிச் சிப்பம் ஒன்று கட்டிக்கொண்டேன், மனைவியைவிடக் கனம் குறைவு என்று அவளிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் காற்று மட்டும். புது கேஜ் வாங்கி காலையில் குளிர்ந்த டயரில் பார்த்தால் பின்னால் 28! ஸ்டிக்கரில் பில்லியனோடு 36. பஞ்சர் கடை கேஜையும் என்னுடையதையும் ஒரே டயரில் வைத்துப் பார்த்தேன், அவருடையது 5 பி.எஸ்.ஐ. கூடக் காட்டுகிறது. சரியாக அடித்ததும் 105-இல் வந்தது 110-க்குத் தள்ளிப்போனது. ஷீல்டு பாடியில்தான் இருக்கிறது, அதனால் அது இல்லை.

இரண்டாவது வாரம் பெட்டியைக் கழற்றினேன். நம்பவே முடியவில்லை, நெளிவு சுத்தமாக இல்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, சர்வீஸில் சொன்னது பாதி உண்மை என்று. ஆனால் பெட்டியை எங்கே, எவ்வளவு கனத்தோடு வைப்பது என்று அவர்கள் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது வாரம் பெட்டியைத் திரும்ப மாட்டி, உள்ளே மழைக்கோட்டும் பிஸ்கட்டும் மட்டும். டூல்ஸ், தண்ணீர், பவர் பேங்க் எல்லாம் டாங்க் பேக்குக்குப் போயின. ரேக்கிலேயே பெட்டியைப் பத்து செ.மீ. முன்னால் தள்ளத் துளை இருந்திருக்கிறது, இத்தனை நாள் பார்க்கவில்லை. சாக்கை ஐந்தாம் படிக்கு ஏற்றினேன். தையல் டேப்பை வைத்து அளந்தபோது, இரண்டாம் படியில் ஆளும் மூட்டையும் ஏறியதும் பின்பக்கம் 52 மி.மீ. இறங்கியது, மொத்தப் பயணமே 110 தான். ஐந்தாம் படியில் 38. இப்போது 110-இல் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் ஒரு நெளி நெளிந்து தானாக அடங்கிவிடுகிறது.

60 உதறல் மட்டும் அப்படியே இருந்தது. இங்கேதான் பாண்டி அண்ணன். முன் சக்கரத்தைத் தூக்கி விரலால் தள்ளினேன், நேர் இடத்தில் "க்ளிக்" என்று உட்கார்ந்தது. கழற்றிப் பார்த்தால் கீழ் கப்பில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழிகள். குண்டுக்குப் பதில் உருளை வைத்த டேப்பர் ரோலர் செட் போட்டோம். உதறல் பாதியானது. மீதிப் பாதி முன் டயர், கையால் தடவினால் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. புது டயர் போட்டு பேலன்ஸ் செய்ததும் இப்போது 60-இல் கையைத் தளர்த்தினாலும் சும்மா இருக்கிறது. பின் டயர் அடுத்த சம்பளத்தில்.

டேம்பருக்கு ஒதுக்கிய காசில் கோன் செட்டும் முன் டயரும் முடிந்து கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. ஒரு கேள்வி: ஆரல்வாய்மொழியில் அன்று வண்டி ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனதே, அதற்கும் இதெல்லாம் உதவுமா?

நெளிவுசுளிவு:

பெட்டி சின்னதானால் காற்று பிடிக்கும் பரப்பு குறையும், அந்த அளவுக்கு உதவும். மற்றபடி அது உங்கள் வண்டியின் குறை இல்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருப்பதே அந்தக் கணவாய்க் காற்றுக்காகத்தான், ஆடியில் அம்மியே பறக்கும்போது நாம் எம்மாத்திரம். வேகத்தைக் குறைத்து, காற்று வரும் பக்கம் ஹேண்டிலை லேசாக அழுத்திக்கொண்டே, லேனின் நடுவில் போங்கள். லாரியைத் தாண்டும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நிற்கும், வெளியே வந்ததும் அறையும். அந்த இரண்டு நொடிக்குத் தயாராக இருங்கள்.

ஸ்பேனர் பாண்டி:

தம்பி, புது கோன் செட் போட்டு எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று? 500 ஓடியதும் ஒரு தடவை சக்கரத்தைத் தூக்கி அதே மாதிரி இழுத்துப் பாருங்கள். புது கப் அதன் இடத்தில் நன்றாக உட்கார்ந்ததும் நட்டு கொஞ்சம் லூஸ் கொடுக்கும். அதைப் பார்க்காமல் விட்டால் ஆறு மாதத்தில் திரும்பவும் குழி விழும்.

வைகைக்கரை:

640 ஆகிவிட்டது அண்ணே. இப்போதுதான் தூக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். லேசாக "டொக்".